கண் திறந்த படம்

மரக்காணம் சந்தைத் தெருவில் செந்தமிழுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. பலகையில் 'தமிழ் டிஜிட்டல்' என்றிருக்கும். ஊர் அவளுக்கு வைத்த பெயர் வேறு. சாவு போட்டோக்காரி.

பெயர் வந்த வழி நேர்வழிதான். உயிரோடு இருக்கும்வரை ஒழுங்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளாத பெண்கள் அந்தக் கரையில் நிறையப் பேர். ஆதார் அட்டையில் இருப்பது முகம் மாதிரி ஒரு கறை. மூச்சு நின்ற பிறகுதான் சுவரில் மாட்டப் படமில்லை என்று வீட்டுக்கு உறைக்கும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஆள் அனுப்புவார்கள். பெண் பிணத்துக்குப் பெண்ணே வந்து எடுத்தால் தேவலை என்பது ஒரு காரணம். அவளுடைய கை நேர்த்தி இன்னொரு காரணம்.

செந்தமிழ் போய் முகத்தை மட்டும் ஒன்று, உடம்பு முழுக்கத் தெரிய ஒன்று என்று இரண்டு படம் எடுப்பாள். கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் தாடையில் கட்டிய துணியை அழிப்பாள். சுருக்கங்களை மழுக்குவாள். மூடிய இமைகளின் மேல் வேறொருவர் கண்ணை எடுத்து வைப்பாள். மகள் கண், தங்கை கண், எது பொருந்துகிறதோ அது. தொழிலில் இதற்குக் கண் திறக்கிறது என்று பெயர். கோயில் சிலைக்குச் சொல்கிற அதே சொல். செந்தமிழ் கண் திறந்தால் செத்தவளே எழுந்து வந்தாலும் இது நான்தான் என்பாள் என்று உப்பளத்தில் பேச்சு இருந்தது.

பேச்சு பரவப் பரவக் கல்யாண வீடுகள் கழன்றுகொண்டன. கடைசியாகக் கூப்பிட்ட கல்யாணத்தில் பெண்ணின் அத்தை காதில் விழும்படி சொன்னாள்.

"இவ கேமராவுக்குள்ள யார் யாரு படுத்திருக்காங்களோ."

முகூர்த்தத்துக்குத் திண்டிவனத்திலிருந்து வேறு ஆள் வந்தான். செந்தமிழ் பந்தலுக்கு வெளியே செருப்புக்குக் காவல் நிற்பவள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பஸ் ஏறினாள்.

முப்பத்தொரு வயது. இனி பிணம் மட்டும்தான் என்று ஆகிவிடக் கூடாது. வெளியூர்க்காரர்கள் யாராவது அவளைப் போட்டோகிராபர் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்காகவே ஒரு வெப்சைட் செய்தாள். இரண்டு மாதம் அவளே உட்கார்ந்து செய்தாள். முதல் பக்கம் திறந்ததும் பூ உதிரும். அந்தப் பூவுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. மொத்தம் பதின்மூன்று படங்கள். பன்னிரண்டு, உயிருள்ளவர்களையும் உப்பையும் கடலையும் எடுத்தவை. பதின்மூன்றாவது வேலம்மாள்.

வேலம்மாள் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரியவள். இரண்டு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தாள். விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பிய மகள் அம்சவல்லி, காய்ச்சலில் கிடந்த தாயை உள்ளே விட்டு, நாய் நுழைந்துவிடப் போகிறது என்று வெளியே கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டுப் போனாள். வெயில் ஏறித் திரும்பி வந்தபோது தாய் பாயில் படுத்தபடியே போயிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். செந்தமிழ் படம் எடுத்து முடித்து, அம்சவல்லியை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய் அவள் கண்ணைக் கிட்டத்தில் எடுத்தாள். அழுது அழுது சிவந்து, ஈரம் காயாத கண். அதைத்தான் தாய்க்குத் திறந்தாள். பட்டுப்புடவை வேண்டாம், வேலைக்குப் போகிற சட்டையிலேயே இருக்கட்டும் என்று அம்சவல்லி கேட்டிருந்தாள். எனவே யாரோ ஒரு உப்பளப் பெண்ணின் முழுக்கைச் சட்டையும் தலைத் துண்டும். பின்னால் பாத்திகளும் காலை வெளிச்சமும். சுருக்கம் மழுங்கியதில் அறுபத்தைந்து வயதுக்காரிக்கு நாற்பத்தைந்து ஆகியிருந்தது.

அதைவிட நல்ல வேலை அவள் செய்ததில்லை. அதனால் வெப்சைட்டில் போட்டாள். கீழே 'வேலம்மாள், உப்பளத் தொழிலாளி' என்று எழுதினாள். வேறெதுவும் எழுதவில்லை.

*

பாண்டிச்சேரியைச் சுற்றியுள்ள போட்டோகிராபர்கள் நாற்பது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு காபிக் கடை மாடியில் கூடுவார்கள். வாரம் ஒருவர் தன் வெப்சைட்டை அங்கிருக்கும் டிவியில் போட்டுக்காட்ட, மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். ஒரே ஒரு விதி. கருத்துச் சொல்லி முடிக்கும்வரை வெப்சைட்டுக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது.

குழுவை நடத்துபவன் அரவிந்தன். ஆரோவில் பக்கம் துணி, ஊதுவத்தி என்று படம் எடுப்பவன். சென்னையில் ஒரு பதிப்பகம் கரையோரத் தொழில்கள் பற்றிப் பெரிய புத்தகம் போடுகிறது, அதில் உப்புத் தொழிலுக்கு ஒரு போட்டோகிராபரின் வெப்சைட்டை அனுப்பச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று குழுவில் எழுதியிருந்தான். செந்தமிழ் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் கொடுத்தாள்.

டிவியில் பூ உதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வளைகாப்பு அழைப்பிதழா என்று ஒருவர் கேட்டார். எழுத்தெல்லாம் ஏன் ஊதா என்று இன்னொருவர் கேட்டார். பதில் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

உப்புக் குவியலும் சூரியனும் வந்தது. காலண்டர் என்றார்கள். பூநாரைக் கூட்டம் வந்தது. பறவை எங்கே என்று தேடுவது போல் ஒருவர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். உப்பு மேட்டின் மேல் குடை பிடித்த ஜோடி வந்தது. முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறது என்றார் ஒருவர். மஞ்சள் நீராட்டுப் பெண் வந்தபோது, பாண்டியில் ஓட்டல்களுக்குச் சாப்பாட்டுப் படம் எடுக்கும் பிரியங்கா, இந்தப் பெண்ணை நான் எடுக்கும் கேக்கு மாதிரி அலங்காரம் பண்ணி வைத்திருக்கிறார்கள், கேக்காவது வெட்டினால் உள்ளே ஏதாவது இருக்கும் என்றாள். நல்ல சிரிப்பு. செந்தமிழும் சிரிக்க வேண்டியிருந்தது. வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

அரவிந்தன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தான். செத்தது. அடுத்தது. செத்தது. அடுத்தது.

பதின்மூன்றாவது படம் வந்தது.

அரவிந்தன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"இது மட்டும் உயிரோட இருக்குது."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். பிரியங்கா எழுந்து டிவிக்குக் கிட்டே போய் அந்தக் கண்களைப் பார்த்தாள். அந்த ஈரம், இதைப் போய் யாராலும் சொல்லி வரவழைக்க முடியாது என்றாள். நாற்பது வருஷ வெயில் அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது என்றார் ஒருவர். மற்ற பன்னிரண்டையும் தூக்கிக் கடலில் போடுங்கள் என்றான் அரவிந்தன். அந்தம்மாவை வைத்து இன்னொரு படம் எடுங்கள். முழு உருவம். உப்பளத்திலேயே, பாத்திக்கு நடுவில். இந்தக் கண் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கொண்டு வந்தால் உங்கள் வெப்சைட்டைத்தான் அனுப்புவேன் என்றான்.

"இப்ப நீங்க பேசலாம்" என்று சிரித்தான்.

அவள் வாயைத் திறந்தாள். மாடியில் பதினெட்டுப் பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோகிராபரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"சரிங்க" என்றாள்.

*

அம்சவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது. தாயை உரித்து வைத்த முகம். உப்புக் காற்றும் வெயிலும் மற்றதைச் செய்திருந்தன. முழுக்கைச் சட்டை போட்டு, தலைத் துண்டு கட்டி, தூரத்திலிருந்து எடுத்தால் அந்த வேலம்மாள்தான். கண் மட்டும் அவளுடையது. அதுவும் பொருத்தமே. அன்றும் அவளுடையதுதான்.

புதன்கிழமை செந்தமிழ் அவளைப் போய்ப் பார்த்தாள். புத்தகத்தில் படம் வரப்போகிறது என்று மட்டும் சொன்னாள். அம்சவல்லிக்குப் பெருமை தாளவில்லை. அம்மா படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன், நீ செய்தது எந்தப் பிள்ளையும் செய்யாதது என்றாள். பெட்டியைத் திறந்து தாயின் சட்டையை எடுத்து வந்தாள். அதைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவளே கேட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாத்தி வரப்பில் நிறுத்தினாள். வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி அடித்தது. அம்சவல்லி முதலில் கண்ணைச் சுருக்கினாள். சுருக்காதீர்கள் என்றதும் சிரித்தாள். சிரிக்காதீர்கள் என்றதும் வெட்கப்பட்டாள். எண்பது படம் எடுத்தாகிவிட்டது. எண்பதிலும் ரேஷன் கடையில் நிற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கண் உலர்ந்து கிடந்தது. பாவாடை என்கிற உப்பள மேஸ்திரி தூரத்திலிருந்து, சினிமா முடிந்ததா, உப்பு காத்துக்கிடக்குது என்று குரல் கொடுத்தார்.

உப்பு அள்ளிய விரலால் அம்சவல்லியே கண்ணைத் துடைத்தாள். எரிந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷத்தில் கண் பழகிப்போயிருந்தது.

அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் செந்தமிழ்.

அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்தது.

"நெனச்சா அழுவ வரலம்மா. நோவு இல்லாம நொடி இல்லாம தூக்கத்துலயே போயிட்டாங்க. அந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும் சொல்லு. அத நெனச்சாலே எனக்கு நெஞ்சு நெறஞ்சிடுது."

செந்தமிழ் கேமராவைக் கீழே இறக்கினாள். வரப்பில் ஒரு நடை நடந்தாள். திரும்பி வந்து கேமராவில் வெளிச்ச அளவைச் சரிபார்த்தாள். அதன் பிறகுதான் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் இத்தினி நாளு இருந்தேன்."

"என்னா?"

"அம்மா தூக்கத்துல போவல."

அம்சவல்லியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது.

"அன்னிக்கு எடுத்த முழுப் படத்தக் கடையில பெருசு பண்ணிப் பாத்தேன். பத்து நகத்துலயும் மண்ணு. தரையப் பிறாண்டியிருக்காங்க. தவழ்ந்து கதவு வரிக்கும் வந்துட்டு, திரும்பப் போயி பாயில படுத்திருக்காங்க."

அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. வேலம்மாளின் நகங்கள் சுத்தமாக இருந்தன. உப்பு தின்று தேய்ந்த, வெளுத்த நகங்கள்.

அம்சவல்லி பாத்தியைப் பார்த்தாள்.

"நான் சங்கிலி போட்டிருந்தேன்" என்றாள்.

செந்தமிழ் கேமராவைத் தூக்கினாள்.

கண் நிறைவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. முதலில் ஓரம் சிவந்தது. பிறகு ஈரம் கீழ் இமையில் ஒரு கோடாகக் கட்டியது. வேப்பமரத்தடியில் பார்த்த அதே கோடு. நிசமாகவா, நிசமாகவா என்று அம்சவல்லி இரண்டு முறை கேட்டாள்.

"திரும்பாதீங்கக்கா. அப்டியே இருங்க."

முப்பது படம் எடுத்தாள். முப்பதும் நன்றாக வந்தன. அம்சவல்லி தாயின் சட்டையோடு பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் இடுப்பு வரை நனைத்தது. அதையும் ஒன்று எடுக்கலாமா என்று செந்தமிழ் யோசித்தாள். வேண்டாம் என்று பையை மூடினாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அக்காவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை டிவியில் பூ உதிரவில்லை. ஊதா எழுத்து இல்லை. வெள்ளைப் பக்கம், இரண்டே படம். முதலாவது பழைய வேலம்மாள். இரண்டாவது வரப்பில் நிற்பவள். படத்தில் எதையும் அவள் திருத்தவில்லை. ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

அரவிந்தன் வெகுநேரம் பார்த்தான். பெரிதாக்கச் சொல்லிக் கண்ணைப் பார்த்தான்.

"எடிட் தெரியுது" என்றான்.

பிரியங்காவும் அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னாள். கிளிசரின், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் வைத்தது என்றாள். சீரியலில் மாமியார் வீட்டை விட்டுத் துரத்தும்போது மருமகள் இப்படித்தான் நிற்பாள் என்றார் ஒருவர். முதல் படத்தில் இருப்பது வாழ்ந்த கண், இதில் இருப்பது ஒட்டவைத்த கண் என்றார் இன்னொருவர். ஏதோ வேறு அம்மாவை நிறுத்தி எடுத்த மாதிரி இருக்கிறது என்றும் ஒரு குரல் வந்தது. எல்லோரும் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் மாறி மாறிப் பார்த்து, உண்மை எப்படி இருக்கும், பொய் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். முதல் படத்தையே பாடம் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

செந்தமிழ் விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வேறொருவருடைய வெப்சைட்டைப் பதிப்பகத்துக்கு அனுப்பப்போவதாக அரவிந்தன் சொன்னான். டிரோனில் மேலிருந்து எடுத்த உப்பளப் படங்கள். கட்டம் கட்டமாக நிறம் மட்டும்தான். மனிதர்களே இல்லை, எனவே நடிப்பும் இல்லை என்றான். மாடிப்படி வரை அவளோடு வந்தான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

"எடிட் பண்றது தப்பில்ல செந்தமிழ். தெரியக் கூடாது. உங்களுக்கு அந்தக் கை இல்ல, விட்டுடுங்க."

*

அவள் மரக்காணத்தில் பஸ் இறங்கியபோது கடை வாசலில் அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. தலை வாரவில்லை. தாயின் சட்டையைக் கழற்றவும் இல்லை. உப்பு காய்ந்து சட்டை விறைத்து நின்றது.

அந்த நகம் தெரிகிற படத்தைக் காட்டு என்றாள்.

எதற்கு அக்கா அது என்றாள் செந்தமிழ். பார்க்க வேண்டும் என்றாள் அம்சவல்லி. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை வருகிறது, கதவைப் பார்த்தால் அந்தக் கை வருகிறது, நேரில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றாள். பிறகு செந்தமிழின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இல்ல, நான்தான் தப்பா பாத்துட்டேன்னு நீ சொன்னாலும் சரிம்மா. ஏன் அப்டி சொன்னன்னு உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம். நீ இல்லன்னு சொல்லிடு, நான் எழுந்து போயிடுறேன்."

செந்தமிழ் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். சாவி பூட்டுக்குள் நின்றது. இல்லை என்று ஒரு சொல். வாசலில் வேறு யாரும் இல்லை. கேட்க மாட்டாள்தான். ஆனால் எழுந்து போகும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கண்ணீருக்காக ஒருத்தி என்ன செய்தாள் என்று தெரிந்த ஒரு ஆள் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருப்பாள்.

"உக்காருங்கக்கா" என்றாள். "பழைய டிஸ்க்குல தேடணும். கொஞ்ச நேரம் ஆவும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படம் உடனே கிடைத்தது. பாயில் வேலம்மாள் நீட்டிப் படுத்திருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றின் மேல். பெரிதாக்கினாள். பத்து நகங்களும் தேய்ந்து வெளுத்து, கழுவி வைத்த மாதிரி இருந்தன. முகத்தில் வலியில்லை. தூங்குகிறவளின் வாய், லேசாகத் திறந்து.

பாயின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு மண் தரை தெரிந்தது. மண்ணை அங்கிருந்தே எடுத்தாள். அதே வெளிச்சம், அதே நிறம், அதே மணல். வெளியிலிருந்து கொண்டுவந்தால்தான் மாட்டிக்கொள்ளும். முதலில் வலது ஆள்காட்டி விரல். நகத்தின் நுனியில் பிறை மாதிரி ஒரு கோடு. மிகையாகிவிட்டது. பாதியாகக் குறைத்தாள். எல்லா விரலுக்கும் ஒரே மாதிரி வைக்கக் கூடாது. கட்டை விரலில் குறைவாக, நடுவிரலில் அதிகமாக வைத்தாள். மோதிர விரல் நகத்தின் மூலையைச் சிறிது உடைத்தாள். உள்ளங்கை விளிம்பில் லேசாகப் புழுதி. தவழ்ந்தவளுக்கு அங்கேயும் இருக்கும்.

பின்னால் சாய்ந்து பார்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள். இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தாள். அரவிந்தனை மனத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னாள். அவனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதவைத் திறந்து அம்சவல்லியை உள்ளே கூப்பிட்டாள். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அம்சவல்லி நின்றபடியே பார்த்தாள். திரை மேல் விரலை வைத்து ஒவ்வொரு நகமாகத் தொட்டுக்கொண்டு போனாள். எண்ணுகிறவள் மாதிரி இருந்தது. பத்தாவது நகத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. அழவில்லை. கண் உலர்ந்து, உப்பளத்தில் எண்பது படத்தில் இருந்த அதே கண்ணாக இருந்தது.

"நல்லா தெரியுது" என்றாள். "மண்ணுதான்."

"சொன்னேனேக்கா."

"ஆமா. சொன்ன."

விரலை எடுத்துவிட்டு, இதில் எனக்கு ஒன்று போட்டுக் கொடு என்றாள்.

செந்தமிழ் பிரிண்டரைப் போட்டாள். சூடாக ஒரு நிமிடம் ஆகும்.

"என்ன சைசுக்கா?"

"கண்ணு தொறந்தது ஒண்ணு குடுத்தியே, சுவத்துல மாட்டியிருக்கேன்" என்றாள் அம்சவல்லி. "அதே சைசு."